மின்தடை நேரத்து ஸ்டூடியோ

போன வாரம் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. பராமரிப்புப் பணிக்காக வியாழக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு மணி வரை கோவில்பதாகைப் பகுதியில் மின்சாரம் இருக்காது என்று. நான் இப்போது குடியிருப்பது பூந்தமல்லியில், மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில், எட்டாவது மாடியில். பெற்றோர் வீட்டு மின் இணைப்பில் என்னுடைய எண்ணைக் கொடுத்திருப்பதால் செய்தி எனக்கு வரும். படித்ததும் என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். கரண்ட் போகப்போகிறது என்றால் ஊரே சலித்துக்கொள்ளும், நான் மட்டும் ஏன் சந்தோஷப்படுகிறேன் என்பதை அவளுக்கு இதுவரை மூன்று முறை சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். மூன்று முறையும் பாதியில் எழுந்து போய்விட்டாள். நீங்களாவது கொஞ்சம் உட்காருங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. கோவில்பதாகையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை உண்டு. மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஒரு ஜன்னல், ஒரு டியூப் லைட். அதில் குடியிருந்தவர்கள் ஆனி மாதக் கடைசியில் காலி செய்து போனார்கள். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு மதுரைப் பையன்கள் வந்து பார்த்து, பிடித்துப்போய், ஆவணி முதல் தேதி வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நடுவில் இருப்பது ஆடி. ஆடியில் யார் புது வீட்டில் பால் காய்ச்சுவார்கள்? ஆக, ஒரு மாதம் முழுக்க அந்த அறை சும்மா கிடக்கும். அதை ஸ்டூடியோ ஆக்கும் யோசனை என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அதற்குக் காரணம் சேகர்.

சேகர் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டும்போது பாடுவான், அதுவும் அவனே கட்டிய பாட்டு. கேட்டுக்கொண்டே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டு, அவனைத் திட்டிக்கொண்டே திரும்பி நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். சின்ன வயதிலேயே அவனுக்கு அப்பா இல்லை. அவன் அம்மா அம்பத்தூர் எஸ்டேட் தொழிற்சாலை ஒன்றில் இரண்டு ஷிப்டு பார்ப்பார். அதனால் பாதி நாள் அவனுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். எங்கள் அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன், அவனும் அப்படியே கூப்பிடுவான். நைனாவும் வித்தியாசம் பார்க்காமல் எங்கள் இரண்டு பேரையும் ஒரே அளவில் திட்டுவார்.

ஒரு நாள் ஆவடி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் சேகர் சொன்னான்: "கத்தாருக்கு போறேன் மச்சான். டிரைவர் வேல. ஆவணி மொத வாரம் டிக்கெட்டு."

"நல்லதுதானடா?"

"நல்லதுதான். போறதுக்குள்ள ஒரே ஒரு பாட்டு ரெக்கார்டு பண்ணி குடு. அங்க போனா பாட மாட்டேன், எனக்கே தெரியும். எங்கொரலு எப்டி கீதுன்னு ஒரு தபாவாச்சும் நானே கேக்கணும்."

இதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருடப் பழக்கத்தில் அவன் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டான், நான் செய்துகொடுக்காவிட்டால் அந்தக் குரல் இங்கேயே ரோட்டில் போய்விடும் என்று எனக்குப் பயமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

என்னுடைய தகுதியையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போது ஒரு கூரியர் ஆபீசில் முகவரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தெருவில் இரண்டு பேருடைய கைப்பேசியில் பாட்டு ஏற்றிக் கொடுத்திருந்தேன். அந்த இரண்டாவது ஆள் என்னை ஒரு முறை 'சவுண்டு இன்ஜினியர்' என்று கூப்பிட்டார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

ஸ்டூடியோ தொடங்க ஆடியைப் போல ஒரு மாதம் கிடையாது என்று அன்றைக்கு எனக்கு ஒரு நம்பிக்கை. அறை சும்மா கிடக்கிறது. ஹெட்போன் ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. கம்ப்யூட்டருடன் நேராகப் பொருத்துகிற மைக் ஒன்றை ரிச்சி தெருவில் பழசாக வாங்கிவிட்டேன். எங்கள் ஆபீசில் கழித்துக்கட்டிய லேப்டாப் ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருந்தது. அதன் பேட்டரி இருபத்திரண்டு நிமிடம் தாங்கும், கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். பேட்டரியைப் பற்றி யாருக்குக் கவலை, அதுதான் கரண்ட் இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன்.

அம்மா மட்டும் தடுத்தாள். "ஆடில எத்தயும் ஆரம்பிக்கக் கூடாதுடா. ஒரு மாசம் பொறு." நான் அவளுக்குப் பகுத்தறிவு பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெங்காயத்தை உரித்து முடித்துவிட்டு, "பட்டாதான் தெரியும்" என்று உள்ளே போனாள். அம்மா சொன்னதுதான் சரி என்று பிறகு தெரிந்தது. காரணம்தான் வேறு.

சுவருக்கு முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் உள்ளே வராது என்று யாரோ சேகரிடம் சொல்லியிருந்தார்கள். ஆட்டோ கொள்ளாத அளவுக்கு முட்டை அட்டை கொண்டுவந்து இறக்கினான். போஸ்டர் ஒட்டுவதுபோல மைதாப் பசை காய்ச்சி நாலு சுவரிலும் ஒட்டினோம். முதல் நாள் அதைப் பார்க்கவே பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் பசையைத் தின்னக் கரப்பான்பூச்சிகள் வந்தன. மூன்றாம் நாள் ஆடிக்காற்று ஜன்னல் வழியே புகுந்து, அட்டைகளைக் கொத்துக் கொத்தாகப் பெயர்த்துத் தெருவில் போட்டது. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு அதை வைத்து விளையாடினார்கள். சத்தம் ஒரு துளிகூடக் குறைந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகுதான் ஏழுமலை அண்ணாத்தேயின் நினைவு வந்தது. எங்கள் தெருமுனையில் பந்தல் கடை வைத்திருந்தார். நாற்காலி, பாத்திரம், ஜமக்காளம், மைக்செட் எல்லாம் வாடகைக்கு விடுவார். ஆடியில் கல்யாணம் கிடையாது, அவருடைய ஜமக்காளங்கள் எல்லாம் மடித்து அடுக்கி ஓய்வில் இருந்தன. போய்க் கேட்டதும், "எத்தினி வோணுமோ எத்துக்கினு போ. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வந்து சேரணும், அவ்ளோதான்" என்றார். பன்னிரண்டு ஜமக்காளத்தைச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டோம். அறைக்குள் பேசினால் குரல் மெத்தென்று அடங்கியது. சேகர் சும்மா ஒரு தரம் தொண்டையைச் செருமிவிட்டு, அது எதிரொலிக்காததைக் கேட்டு ஆச்சரியப்பட்டான்.

ஆனால் அந்த வாசனை இருக்கிறதே. எத்தனையோ கல்யாணங்களில் சாம்பார் சிந்தி, ரசம் சிந்தி, பாயசம் சிந்தி, மேலே பூ உதிர்ந்து, குழந்தைகள் தங்கள் பங்குக்கு ஏதாவது செய்து, துவைத்தும் துவைக்காமலும் மடித்து வைத்த ஜமக்காளங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சூட்டில் அத்தனை விருந்தும் ஒன்றாக எழுந்து வந்தது. ஒரு சோகப் பாட்டைப் பாடிப் பார்த்துவிட்டு, "பசிக்குது மச்சான்" என்று சேகர் வெளியே வந்துவிட்டான். இப்போதும் ஏதாவது கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். ரெக்கார்டிங் நடக்கிற இடம் என்று மனதுக்குள் ஒரு எண்ணம்.

மற்ற சாமான்களையும் வீட்டிலேயே தேடிக்கொண்டோம். மைக்கை நிறுத்த, ஓடாத ஃபேனின் கம்பம். 'ப' வரும்போது மூச்சுக் காற்று மைக்கில் மோதாமல் இருக்க, மாவு சலிக்கிற சல்லடையில் அம்மாவின் பழைய நைலான் சேலைத் துண்டைக் கட்டியது. ஆடி வெள்ளிக்குக் கேழ்வரகு மாவு சலிக்க அம்மா சல்லடையைத் தேடி வீட்டையே புரட்டினாள். கடைசியில் அது மாடியில் சேகரின் வாய்க்கு முன்னால் தொங்குவதைக் கண்டுபிடித்தாள். அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் எங்களுக்குச் சல்லடை கிடையாது. கதவுக்கு வெளியே ஒரு சிவப்பு பல்பும் மாட்டினோம், அது எரிந்தால் உள்ளே ரெக்கார்டிங் என்று அர்த்தம்.

அந்த பல்பு ஒரே ஒரு தடவைகூட எரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஆடி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, ஊர் எழுந்திருப்பதற்குள் முடித்துவிடலாம் என்று, சேகரை மைக் முன்னால் நிறுத்தி ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். காதுக்குள் கோயில் பாட்டு கணகணவென்று கேட்டது. சேகர் வாயையே திறக்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் அம்மன் கோயில். ஆடி முழுக்கக் காலை நாலரையிலிருந்து இரவு பத்து வரை குழாய் ஸ்பீக்கர் ஓயாது. பிறந்ததிலிருந்து அந்தத் தெருவில் இருப்பவனுக்கு இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். ஆனால் பழகிப்போன சத்தம் நம் காதில் விழுவதில்லை, மைக்குக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு மாதத்துக்கு ஸ்டூடியோ தொடங்கினோம், அதுவும் தமிழ்நாட்டிலேயே சத்தமான மாதத்தில்.

ஸ்பீக்கர் கட்டியவர் யார்? அதே ஏழுமலை அண்ணாத்தே. சத்தம் வராமல் இருக்க ஜமக்காளம் கொடுத்தவரும் அவர்தான், சத்தம் போடுகிறவரும் அவர்தான். நான் போய் நின்றேன்.

"அண்ணாத்தே, அந்த ஸ்பீக்கர கொஞ்சம் அந்தாண்ட திருப்பி வெச்சா என்ன?"

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். "அந்தாண்ட ஏரி கீது. மீனுக்கா பாட்டு போட சொல்ற?"

"வால்யூமாச்சும் கொறைக்கலாம்ல?"

"தோ பாரு தம்பி, போன வருசம் கொறச்சேன். கோயிலாண்ட பத்து பொம்பளைங்க சண்டைக்கு வந்துட்டாங்க. ஆத்தாவுக்கே கேக்கலேன்றாங்க. அதுக்கு இன்னா சொல்ற?"

திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வாரம், நடுப்பகலில், திடீரென்று எல்லாம் நின்றது. பாட்டு நின்றது, பக்கத்து வீட்டு மிக்சி நின்றது, எதிர் வீட்டு போர்வெல் மோட்டார் நின்றது, தெருவின் அத்தனை டி.வி.யும் நின்றது. கரண்ட் போய்விட்டது. எங்கோ ஆவடி ஸ்டேஷனில் ரயில் கிளம்புவது மாடியில் நின்றிருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. இவ்வளவு சத்தத்துக்கு அடியில் இப்படி ஓர் ஊர் இருந்திருக்கிறது. என்னிடம் இருபத்திரண்டு நிமிட பேட்டரி இருந்தது. மைக்குக்குத் தனிக் கரண்ட் வேண்டாம், லேப்டாப்பே போதும். சிவப்பு பல்புக்குத்தான் வேண்டும், அதனால் அது எரியவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலையில் டீக்கடைக்குப் போய் நான் பேப்பரில் முதலில் பார்த்தது 'நாளைய மின்தடை' பகுதியைத்தான். திருமுல்லைவாயில், பட்டாபிராம் என்று விரலை ஓட்டிக்கொண்டே வந்து கோவில்பதாகையில் நிறுத்துவேன். எங்கள் பகுதியின் பெயர் இருந்தால் சேகருக்குப் போன் போடுவேன். "மச்சான், நாளைக்கு ஒம்பதுலேந்து ரெண்டு." அவன் அன்றைக்கு ஆட்டோவை நிறுத்திவிட்டு வருவான். எங்கள் நடமாட்டத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள்தான் கரண்டை எடுக்கிறோமோ என்று பக்கத்து வீட்டு அம்மாள் சந்தேகப்பட்டார்.

முதல் வாய்ப்பை நான் கெடுத்தேன். இரவில் லேப்டாப்பைச் சார்ஜில் போட்டேன், சுவிட்சைப் போட மறந்துவிட்டேன். ஐந்து மணி நேரம் அருமையான அமைதி. நாங்கள் இரண்டு பேரும் ஜமக்காள வாசனைக்கு நடுவே செத்த லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். சேகர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பழைய சினிமா கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இரண்டாவது வாய்ப்பை நைனா கெடுத்தார். அவரைப் பற்றி இப்போது சொல்லியாக வேண்டும். நைனாவின் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். நைனா பதினெட்டு வயதில் ஒரு ஃபோர்ஜிங் பட்டறைக்குப் போனார், காய்ச்சிய இரும்பைப் பெரிய சுத்தி இறங்கி அடிக்கிற இடம். முப்பத்தைந்து வருடம். ரிட்டையர் ஆகி வெளியே வந்தபோது காது முக்கால்வாசி போயிருந்தது. தனக்குக் கேட்காததால் அடுத்தவனுக்கும் கேட்காது என்ற முடிவில், யாரிடம் பேசினாலும் பட்டறையில் பேசுவதுபோலவே பேசுவார். அவர் எங்கள் வீட்டில் 'உப்பு கொஞ்சம் கம்மி' என்றால் மூன்று வீடு தள்ளி உப்பை எடுத்து வைப்பார்கள். பகல் முழுக்க டி.வி. பார்ப்பார். கரண்ட் போனால் டி.வி. இல்லை. டி.வி. இல்லாவிட்டால் பேச்சுத்துணை தேடி மாடிக்கு வருவார். ஆக, ஊர் முழுக்க வாயை மூடிக்கொள்கிற அந்த ஐந்து மணி நேரம்தான் நைனா வாயைத் திறக்கிற நேரம்.

சேகர் இரண்டாவது வரியில் இருக்கும்போது படிக்கட்டில் குரல் வந்தது: "டேய், கரண்ட்டு எப்ப வரும்?" மறுபடி ஆரம்பித்தோம். "சேகரு, வண்டிய வெயில்ல வுட்டுகீற, நெழல்ல போடு." மறுபடி. "இன்னாடா பண்றீங்க உள்ள, பொணமாட்டம் சத்தமே காணோம்?" பேட்டரி முடிந்தது. படிக்கட்டில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டி, இது தொங்கினால் மேலே வரக்கூடாது என்று நைனாவுக்குக் கை ஜாடையில் விளக்கினேன். புரிந்தது என்று தலையாட்டினார். அரை மணியில் அம்மா அந்தத் துண்டு காய்ந்துவிட்டது என்று எடுத்து மடித்து வைத்துவிட்டாள்.

ஆடியின் கடைசி நாளுக்கு முந்தைய நாளுக்கு மூன்றாவது அறிவிப்பு வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து மதுரைப் பையன்கள் வருகிறார்கள். ஜமக்காளங்கள் முகூர்த்தத்துக்குப் போயாக வேண்டும். சேகருக்கு அந்த வாரக் கடைசியில் விமானம். இதை விட்டால் அந்தப் பாட்டு இல்லை. லேப்டாப் சார்ஜ் ஏறியதா என்று காலையில் நாலு தடவை பார்த்தேன். கோயிலில் அன்றைக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். நைனாவை ஒரு பெரிய தூக்குச் சட்டியோடு வரிசையில் நிறுத்திவிட்டு வரும்படி அம்மாவிடம் கெஞ்சினேன். அவள், "பகுத்தறிவுக்கு ஆத்தா கூழு வேண்டிகீதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது. கதவைச் சாத்தினேன். சேகர் சல்லடைக்கு முன்னால் நின்றான். இரண்டு மூன்று முறை தொண்டை கட்டிக்கொண்டு நிறுத்தினான். கடைசியில் பேட்டரியில் ஏழு நிமிடம் மிச்சமிருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு முழுதாகப் பாட ஆரம்பித்தான். அது அவன் ஷேர் ஆட்டோவைப் பற்றிய பாட்டு. யார் யாரோ ஏறுகிறார்கள், யார் யாரோ இறங்குகிறார்கள், கடைசி ஸ்டாப்பில் ஓட்டுகிறவன் மட்டும் திரும்பிப் பார்க்கிறான்:

ஏறினவங்க எறங்கிட்டாங்க,
எடம் மட்டும் சூடா கீது.

வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக்கூட நான் கையை அசைக்கவில்லை. சேகரை அவ்வளவு காலம் தெரியும், அவனுக்குள் இப்படி ஒரு குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கடைசி வரிக்கு முன்னால் மூச்சு எடுக்க அவன் ஒரு கணம் நிறுத்தினான். அந்தக் கணத்தில் படிக்கட்டிலிருந்து:

"டேய், கரண்ட்டு எப்ப வரும்? சேகரு கீறானா? கூழு எடுத்தாந்துகீறேன், ஆறிப்பூடும், வந்து குடிச்சிட்டு போகச் சொல்லு!"

சேகர் கண்ணைத் திறக்கவில்லை. நைனா முடிக்கும் வரை நின்று, விட்ட இடத்தில் எடுத்துக் கடைசி வரியைப் பாடினான். நான் சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன், லேப்டாப் அணைந்தது. வெளியே வந்து மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து கூழ் குடித்தோம். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் ஏழுமலை அண்ணாத்தேயின் பாட்டு நின்ற வார்த்தையிலிருந்தே மறுபடி கிளம்பியது.

சேகர் போய்விட்டான். நான் ஆவணி மாதம் முழுக்க அந்தப் பாட்டோடு உட்கார்ந்தேன். நைனாவின் குரல் பாட்டின் மேல் விழவில்லை, மூச்சு இடைவெளியில்தான் விழுந்திருந்தது. இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளில் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு, குரலை நறுக்கி எடுத்து, இரண்டு முனையையும் ஒட்டினேன். கூழ், கரண்ட் எல்லாம் சுத்தமாகப் போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அது. லேப்டாப்பில் இடம் இல்லை, பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு, சுத்தமான பாட்டைச் சேகருக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் போன் செய்தான். "நல்லா கீது மச்சான்" என்றான். ஆனால் போனை வைக்கவில்லை.

"இன்னாடா?"

"நைனா கொரலு எங்க?"

"எடுத்துட்டேன். தெரியவே இல்ல பாத்தியா?"

"ஏன் மச்சான் எடுத்த? இங்க ரூம்ல ஆறு பேரு கீறோம். ஒருத்தனும் துன்னியான்னு கேக்கறதில்ல. அத்த கேக்கலாம்னுதான் பாட்டையே போட்டேன். பழச அனுப்பேன்."

பழசு இல்லை, அழித்துவிட்டேன் என்று சொன்னேன். "பரவால்ல வுடு" என்றான். அவன் பரவாயில்லை என்று சொன்னால் அப்படி இல்லை என்று அர்த்தம். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்ன என்றால், அந்தச் சுத்தமான பாட்டைக் காட்டித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. இணையத்தில் பாடம் நடத்துகிற ஒரு கம்பெனிக்காக ஆசிரியர்களின் ஒலிப்பதிவிலிருந்து இருமல், தும்மல், நாற்காலி நகர்த்தும் சத்தம், குக்கர் விசில் எல்லாவற்றையும் நீக்கித் தருகிறேன். நல்ல சம்பளம். அதிலிருந்து நான் முதலில் வாங்கியது நைனாவுக்கு ஒரு காது மெஷின். மாட்டிய முதல் நாள் மனிதர் வீடு முழுக்க நடந்து, "ஃபேனு இவ்ளோ சத்தமாவா ஓடுது?" என்று அண்ணாந்து பார்த்தார். பிறகு அம்மாவிடம் ஏதோ கேட்டார், வழக்கம்போல. கேட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"நான் இப்டியாடா கத்திகினு இருந்தேன்? இத்தினி வருசமா? ஒருத்தனாச்சும் சொல்லக்கூடாதா?"

அன்றிலிருந்து நைனா மெல்லப் பேசுகிறார். வேண்டுமென்றே, வார்த்தைக்கு வார்த்தை அளந்து, பாங்கு மேனேஜரிடம் பேசுவதுபோல. சேகர் இடையில் இரண்டு முறை ஊருக்கு வந்தான். முதல் முறை வந்துவிட்டு வாசலில் என்னைத் தனியாக இழுத்து, "நைனாவுக்கு ஒடம்பு ஏதாவது சரியில்லியா மச்சான்?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை, காது கேட்கிறது என்றேன். நல்லதுதான் என்றான்.

சேகருக்காக அந்தக் குரலை மறுபடி பதிவு செய்ய நான் ஒரு முறை முயற்சி பண்ணினேன். நைனாவை மைக் முன்னால் உட்காரவைத்து, சேகரைக் கூழ் குடிக்கக் கூப்பிடுங்கள் என்றேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "சேகர், கூழ் அருந்த வரவும்" என்றார். மெஷினைக் கழற்றிவிட்டுச் சொல்லச் சொன்னேன். கழற்றினாலும் வரவில்லை. தன் குரலை ஒரு தடவை கேட்டுவிட்ட மனிதர், அவரால் முடியவில்லை.

அதனால்தான் போன வாரம் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்ததும் எனக்கு ஒரு நப்பாசை. இதுவும் ஆடி. வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கோவில்பதாகைக்குப் போனேன். அந்த மாடி அறை இப்போது இல்லை. இடித்துவிட்டு மேலே ஒரு தளம் எழுப்பி, இரண்டு குடும்பம் இருக்கிறது. அதற்கும் மேலே ஏறிப் போய் மொட்டை மாடியில் கைப்பேசியில் பதிவைப் போட்டுவிட்டு நின்றேன். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது.

ஒன்றும் நிற்கவில்லை. கீழே இரண்டு வீட்டிலும் இன்வெர்ட்டர் உறுமியது. எதிரே புதிதாக வந்த அபார்ட்மெண்டில் ஜெனரேட்டர் கிளம்பியது. கோயில் ஸ்பீக்கருக்கு ஏழுமலை அண்ணாத்தே பேட்டரி வைத்துவிட்டார், பாட்டு ஒரு எழுத்துகூட விடாமல் ஓடியது. ரயில் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்துப் படிக்கட்டில் காலடிச் சத்தம். நைனா. முட்டி வலியோடு இரண்டு மாடியை நின்று நின்று ஏறி வந்திருந்தார். கையில் சின்னத் தூக்குச் சட்டி. வீட்டில் டி.வி. ஓடுகிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, அவர் வந்திருக்கவே வேண்டாம். மூச்சு வாங்கிவிட்டு, மெல்ல, யாருக்கும் தொந்தரவு இல்லாமல், "கரண்ட்டு எப்ப வரும்டா? கூழு ஆறிப்பூடும், குடி" என்றார். அதே வார்த்தைகள். கைப்பேசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பதிவை எதையும் நீக்காமல், விளக்கம் எதுவும் எழுதாமல், அப்படியே சேகருக்கு அனுப்பினேன். கேட்டதும் தானே தெரிந்துகொள்ளட்டும் என்று. மாலையில் அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"மச்சான், நம்ம கோயிலு பாட்டு சூப்பரா கேக்குது. கண்ணுல தண்ணி வந்துட்ச்சி. நடுவுல யாரோ மொணமொணன்னு பேசினுகீறாங்க. அத்த மட்டும் எடுத்துட்டு அனுப்பேன்."